மெர்சென் பகா எண் 2¹²⁷ − 1

170141183460469231731687303715884105727 என்னும் 39 இலக்க எண். பிரெஞ்சுத் துறவி மாரென் மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலில் இது பகா எண்ணாக இடம்பெற்றது. அப்பட்டியலின் 2⁶⁷ − 1, 2²⁵⁷ − 1 ஆகியவை பகா எண்கள் அல்ல எனப் பின்னர் தெரிந்தது. ஆகவே வெறும் கூற்று போதவில்லை. 1876இல் கணிதவியலாளர் எதுவார் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண்ணே என்று நிறுவினார். வகுஎண்களைத் தேடும் வழியை அவர் விட்டுவிட்டார். 3இல் தொடங்கி, வர்க்கமாக்கி, 2ஐக் கழித்து, இவ்வெண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, இதையே நூறு தடவைக்கு மேல் செய்வது அவர் முறை. கடைசி மீதி 0 ஆனால் எண் பகா எண். எண் கோட்பாட்டின் மிக அழகிய சோதனைகளுள் ஒன்று இது. 1951 வரை அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண் இவ்வெண்ணே. இதனை 2¹²⁶ஆல் பெருக்கினால் பன்னிரண்டாம் நிறைவெண் கிடைக்கும்.

அடுக்கான 127உம் 2⁷ − 1. 7 என்பது 2³ − 1. 3 என்பது 2² − 1. இந்த 39 இலக்க எண்ணையே 2இன் அடுக்காக வைத்து 1ஐக் கழித்தால் வரும், இச்சங்கிலியின் அடுத்த கண்ணி பகா எண்தானா என்பது இன்னும் தீராத கேள்வி.