மந்தரத் தந்தியின் குரல்

மாளிகையொன்றைக் காணச் செல்வோர் அதன் கோபுரத்தையும் சாளரங்களையும் கண்டு வியப்பர். அத்திவாரத்தைப் பற்றி எண்ணுவார் அரியர். மேனாட்டு மெல்லிசையிலே மந்தர ஸ்தாயியில் ஒலிக்கும் கருவியின் நிலையும் நெடுங்காலம் இத்தகையதாகவே இருந்தது. பாடகரின் குரலையும் கிற்றாரின் உயர்ந்த சுரங்களையும் செவி நாடிச் செல்லும். அவற்றைத் தாங்கி நிற்கும் கீழ்க்குரலைச் செவி உணருமேயன்றித் தேடுவதில்லை. இந்நிலையை மாற்றி, தாங்கும் குரலைப் பேசும் குரலாகவும் ஆக்க முயன்றவர்களுள் முக்கியமானோர், 1960களின் இறுதியிலிருந்து இங்கிலாந்திலே வளர்ந்த முற்போக்கு றொக் என்னும் இசைமரபின் பேஸ் கிற்றார்க் கலைஞர்கள் ஆவர். அவர்கள் கையாண்ட நாதமும் வாசிப்பு முறையும் ஒருவருக்கொருவர் வேறுபட்டவை. அவ்வேறுபாடுகளை ஒப்புநோக்கின், நாதம் என்பது வாசிப்பின்மேற் பூசப்படும் வெறும் வண்ணமன்று, எதனை வாசிக்க இயலும் என்பதையே வரையறுப்பது என்னும் உண்மை தெளிவாகும்.

இக்கருவியின் வரலாறு நீண்டதன்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நடன இசைக்குழுக்களிலே இப்பணியைச் செய்தது, ஓர் ஆளின் உயரத்தை எட்டும் ‘டபிள் பேஸ்’ என்னும் மரக்கருவியாகும். மின்கிற்றாரும் ட்ரம் வாத்தியமும் உரத்து முழங்கத் தொடங்கியபோது அதன் ஒலி அவற்றினுள் அமிழ்ந்துபோயிற்று. 1951ஆம் ஆண்டு கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ பென்டர் ‘பிரிசிஷன் பேஸ்’ என்னும் மின்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கிற்றாரைப் போலத் தோளில் மாட்டி வாசிக்கத்தக்க அக்கருவிக்கு நான்கு தந்திகள்; கிற்றாரின் கீழ்த்தந்திகள் நான்கிலும் ஒரு ஸ்தாயி தாழ்ந்தவை அவை. அவற்றுள் மிகத் தாழ்ந்தது விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். வீணையிலுள்ளது போல மெட்டுகள் பதிக்கப்பட்டிருந்தமையால் சுரம் பிசகாது நின்றது. துல்லியம் எனப் பொருள்படும் பெயர் அதற்கு வாய்த்ததும் இதனாலேயே.

ஆயினும் அக்காலத்துத் தந்திகள் பெரும்பாலும் தட்டையான கம்பியாற் சுற்றப்பட்டவை. அவற்றின் ஒலி உருண்டு திரண்டு எழுந்து விரைவில் அடங்கிவிடும். சுரத்தோடு உடன்பிறந்து அதற்கு ஒளியூட்டும் மேற்றொனிகள் அதிற் குறைவு. தாளத்துக்குத் துணைநிற்க அவ்வொலி போதும். தனித்துப் பேசப் போதாது. வட்டக் கம்பியாற் சுற்றிய தந்திகள் பரவிய பின்னரே அக்குறை நீங்கிற்று. ‘த ஹூ’ குழுவின் ஜோன் என்ற்விசில் 1966இல் றோட்டோசவுண்ட் நிறுவனத்தாருடன் சேர்ந்து, பியானோவின் கீழ்த்தந்திகளைப் போலக் கணீரென ஒலிக்கும் தந்திகளை உருவாக்கத் துணைபுரிந்தார். 1965இலேயே ‘மை ஜெனரேஷன்’ என்னும் பாடலின் நடுவே பேஸ் கிற்றாரைத் தனியே பேசவைத்தவரும் அவரே.

இவ்வாறு கருவி ஆயத்தமாகியிருந்த வேளையிற்றான் முற்போக்கு றொக் தோன்றியது. மூன்று நிமிடப் பாடலின் எல்லையைக் கடந்து, பல பகுதிகளாலான நீண்ட படைப்புகளையும், ஐந்தும் ஏழும் பதின்மூன்றுமாக எண்ணப்படும் தாளக்கட்டுகளையும் அம்மரபினர் விரும்பினர். அத்தகைய இசையிலே பேஸ் வாசிப்பவர் ஒரே சுரத்தை மீண்டும் மீண்டும் தட்டிக்கொண்டிருத்தல் இயலாது. எனினும் அக்கருவியை ஏந்துவது அப்போதும் பெரும்பாலோர் விரும்பிய பணியன்று. 1969இல் வெளிவந்த கிங் கிறிம்சன் குழுவின் முதல் இசைத்தட்டில் பாடி பேஸ் வாசித்த கிறெக் லேக், கிற்றார்க் கலைஞராயிருந்து றொபேட் பிறிப்பின் வேண்டுகோளுக்கு இணங்கியே அதனைக் கையிலெடுத்தார்.

இம்மரபிலே பேஸ் கிற்றாருக்குத் தனிக்குரல் அளித்தவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் கிறிஸ் ஸ்குவயர். 1948இல் இலண்டனின் கிங்ஸ்பரிப் பகுதியிற் பிறந்த அவர், இளமையில் அங்குள்ள புனித அந்திரேயா தேவாலயப் பாடற்குழுவிற் பயின்றவர். தேவாலயக் கூட்டிசையிலே நான்கு குரல்களும் தத்தமக்குரிய வழியில் நகர்ந்து ஒன்றோடொன்று இயையும். அடிக்குரலும் தனக்கென ஓர் இசையோட்டத்தை உடையது. இளமையிற் பெற்ற இச்செவிப்பயிற்சியே பிற்காலத்தில் அவர் கைகளில் வெளிப்பட்டது. 1965இல், இலண்டனிலிருந்த பூசி அன்ட் ஹோக்ஸ் இசைக்கருவி நிறுவனத்திற் பணியாற்றியபோது, ஊழியர்க்குரிய கழிவு விலையில் றிக்கன்பாக்கர் பேஸ் ஒன்றை வாங்கினார். 1968இல் ஜோன் அன்டர்சனுடன் ‘யெஸ்’ குழுவை அமைத்த பின்னரும் அக்கருவியே அவர்தம் துணையாயிற்று.

ஸ்குவயரின் நாதம் கூரியது, உலோக ஒலியுடையது. அது பல செயல்களின் கூட்டால் விளைந்தது. விரல் நுனியால் மீட்டாது, சிறு தகட்டினால் மீட்டினார்; தகட்டோடு பெருவிரலின் ஓரமும் தந்தியைத் தொடுவதால் மேற்றொனிகள் துலங்கின. கருவியிலிருந்து வரும் ஒலியை இரண்டாகப் பிரித்து, தாழ்ந்த பகுதியை பேஸுக்குரிய ஒலிபெருக்கிக்கும், உயர்ந்த பகுதியைக் கிற்றாருக்குரிய ஒலிபெருக்கிக்கும் செலுத்தினார். இந்த ஏற்பாட்டின் நுட்பம் கவனித்தற்குரியது. மேற்பகுதியைத் திரித்தும் கூர்மையாக்கியும் பேசவைக்கலாம். அப்போதும் கீழ்ப்பகுதி கலங்காது நின்று குழுவைத் தாங்கும். 1971இல் வெளிவந்த ‘பிறஜைல்’ இசைத்தட்டிலுள்ள ‘த பிஷ்’ என்னும் பகுதியிலே, பல முறை பதிவுசெய்து அடுக்கப்பட்ட பேஸ் கிற்றார்களே இன்னிசையையும் தாளக்கோலத்தையும் பின்னுகின்றன. மழுங்கிய பழைய நாதத்தில் இத்தனை அடுக்குகளை இட்டிருப்பின் அவை ஒன்றோடொன்று குழம்பி வெறும் இரைச்சலாயிருக்கும்.

ஒப்பீட்டுக்கு வாய்ப்பான நிகழ்ச்சியொன்று 1972இல் நேர்ந்தது. யெஸ் குழு ‘குளோஸ் ரு த எட்ஜ்’ என்னும் படைப்பைப் பதிவுசெய்து முடித்ததும், அதன் ட்ரம் கலைஞரான பில் புறூபோர்ட் விலகிக் கிங் கிறிம்சனிற் சேர்ந்தார். தொடக்க காலந்தொட்டு ஸ்குவயருடன் வாசித்த அதே கைகள் இப்போது ஜோன் வெற்றன் என்னும் மற்றொருவருடன் வாசிக்கலாயின. ட்ரம் கலைஞர் ஒருவரே. பேஸ் கலைஞர் வேறு. ஆகவே இரு குழுக்களின் இசைத்தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்போர், பேஸினால் விளையும் மாறுதலை எளிதிற் பிரித்தறியலாம்.

1949இல் டார்பிசயரிற் பிறந்து போண்மத் நகரில் வளர்ந்த வெற்றனும் தேவாலய இசையின் வழியாகவே மந்தரக் குரலை அடைந்தவர் என்பது வியத்தற்குரியது. தமையனார் தேவாலய வழிபாட்டுக்குரிய இசையைப் பழகும்போது, பியானோவிலே அடிக்குரற் பகுதியை அவர் வாசித்துத் துணைநின்றார். ஊற்று ஒத்ததாயினும் ஓடிய திசை வேறு. ஸ்குவயரின் இசை மேல்நோக்கி எழுந்து கிற்றாருடன் உரையாடும். வெற்றனின் இசையோ கீழிருந்து குழு முழுவதையும் உந்தித் தள்ளும். அவர் வாசித்த பென்டர் பிரிசிஷன் கருவியின் நாதம் தடித்தது, ஒலித்திரிபினால் உறுமுவது. 1974ஆம் ஆண்டின் ‘றெட்’ இசைத்தட்டிலே ‘ஸ்ரார்லெஸ்’ என்னும் படைப்பின் நடுப்பகுதியில், பதின்மூன்று எண்ணிக்கை கொண்ட தாளத்தில் ஒரே கோலத்தை பேஸ் திரும்பத் திரும்ப வாசிக்க, பிறிப்பின் கிற்றார் தனிச்சுரங்களை மெல்ல மெல்ல உயர்த்திச் செல்கின்றது. அங்கு இறுக்கம் பெருகுவதற்கு ஆதாரம் பேஸின் பிடிவாதமேயாம்.

அக்காலத்துக் கிங் கிறிம்சன் மேடையிலே முன்னேற்பாடின்றி நெடுநேரம் கற்பனையாக வாசிக்கும் வழக்கமுடையது. அவ்வேளைகளில் பேஸ் எச்சுரத்திற் கால் வைக்கின்றதோ அதனையொட்டியே ஏனைய சுரங்களின் பொருள் அமையும். மேலே ஒலிக்கும் சுரம் மாறாதிருக்க, கீழ்ச்சுரம் மாறின், கேட்பவருக்கு இசை முழுவதும் வேறிடத்துக்குப் பெயர்ந்தது போலத் தோன்றும். அவ்வகையில் வெற்றனிடமிருந்த அதிகாரம் பெரிது. ஆனால் அவ்வதிகாரத்துக்கு ஒரு விலையும் இருந்தது. வெற்றனும் புறூபோர்டும் எழுப்பிய பேரொலிக்கு ஈடுகொடுக்க, வயலின் வாசித்த டேவிட் குறொஸ் பெரிதும் இடர்ப்பட்டார். 1974இல் அவர் குழுவை விட்டு நீங்கினார். அவ்வாண்டிலேயே குழுவும் கலைந்தது. அத்திவாரம் தானே குரலெடுக்கும்போது, மென்மையான பிறகுரல்களுக்கு இடம் எங்கே என்னும் வினா அங்கு எழுந்தது.

இவ்வினாவுக்கு வேறு சிலர் வேறு விடைகள் கண்டனர். ஹியூ ஹொப்பர், சொவ்ற் மெஷின் குழுவில் பேஸின் நாதத்தை மின்கருவியாற் கரகரக்கச் செய்தார். 1970இல் வெளியான ‘தேர்ட்’ இசைத்தட்டின் காலத்தில் அக்குழுவிற் கிற்றார்க் கலைஞர் இல்லை. ஆதலால் கிற்றார் வெறுமையாக விட்ட நடு ஸ்தாயியைத் திரிபுற்ற பேஸ் நிரப்ப இடமிருந்தது. எவர் குரலையும் அது நெருக்கவில்லை. ஜெனிசிஸ் குழுவின் மைக் றதபோர்ட் நேர்மாறான வழியிற் சென்றார். பன்னிரு தந்திக் கிற்றாரின் மென்னாதத்தை விரும்பிய அவர், அதனையும் பேஸையும் ஒரே உடலிற் பொருத்திய இரட்டைக்கழுத்துக் கருவியை ஏந்தினார். கைகள் கிற்றாரில் ஈடுபட்டிருக்க, ஓர்கனில் உள்ளது போன்ற மின்மிதிகளைக் காலால் அழுத்தி நீண்ட மந்தரச் சுரங்களை எழுப்பினார். அவரிடம் பேஸ் முன்வந்து பேசவில்லை. தேவையான இடத்தில் மட்டும் நிலத்தினின்று எழும் ஒலியாக அமைந்தது.

அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால், கனடாவின் ரொறன்ரோ நகரில், 1953இற் பிறந்த கெடி லீ இவ்விரு வழிகளையும் இணைத்தார். ஸ்குவயரின் நாதத்தால் ஈர்க்கப்பட்டு அவரும் றிக்கன்பாக்கர் கருவியையே தேடிப் பெற்றார். ஆயின் அவர் தகட்டினால் மீட்டவில்லை, விரல்களால் மீட்டினார். கருவி ஒன்றாயினும் ஒலி ஒன்றாகவில்லை. ஸ்குவயரிடம் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே செதுக்கியது போல் நிற்கும். லீயிடம் சுரங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். அவருடைய ‘றஷ்’ குழுவில் மூவரே இருந்தனர். கிற்றார் தனித்து மேலெழும்போது நடுவே தோன்றும் வெற்றிடத்தை பேஸ் நிரப்பியே தீரவேண்டும். பாடுதலும் அவர் பொறுப்பே. 1970களின் பிற்பகுதியிலிருந்து விசைப்பலகையும் மின்மிதிகளும் சேர்ந்துகொண்டன. எனவே அவர் வாசிப்பின் விரைவு வெறும் ஆற்றற் காட்சியன்று; மூவர் குழுவின் தேவை அதனைப் பிறப்பித்தது.

இவர்களை ஒருசேர நோக்கின், எவர் சிறந்தவர் என்னும் வினாவிலும் பயனுள்ள வினா ஒன்று உண்டு. தாங்க வேண்டிய கடமையையும் பேச விழையும் உரிமையையும் ஒவ்வொருவரும் எவ்வாறு இணக்கினர் என்பதே அது. ஸ்குவயர் ஒலியை இரண்டாகப் பிரித்து இணக்கினார். வெற்றன் கடமையையே முழக்கமாக்கினார். ஹொப்பர் பிறர் விட்ட இடத்தைக் கைக்கொண்டார். றதபோர்ட் கடமையைக் கால்களுக்கு அளித்துக் கைகளை விடுவித்தார். லீ இரண்டையும் ஓட்டத்தினாற் பிணைத்தார். தந்தி, தகடு, விரல், ஒலிபெருக்கி என்பவை பற்றி அவர்கள் செய்த தெரிவுகள் யாவும் இவ்வொரு சிக்கலைத் தீர்க்கும் பொருட்டே எழுந்தன.

ஸ்குவயர் 2015ஆம் ஆண்டு யூன் மாதம் 27ஆந் திகதி அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரிற் காலமானார். அதுவரை வெளிவந்த யெஸ் குழுவின் கலையக இசைத்தட்டுகள் அனைத்திலும் வாசித்தவர் அவர் ஒருவரே. வெற்றன் 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆந் திகதி மறைந்தார். அவ்வாண்டு ஏப்பிரல் மாதம், அமெரிக்காவின் றொக் இசைப் பெருமன்றத்தில் யெஸ் குழுவுக்கு இடமளிக்கும் விழா நியூயோர்க்கின் புறூக்ளினில் நிகழ்ந்தது. ஸ்குவயர் இல்லாத மேடையிலே, ‘றவுண்டபவுட்’ என்னும் பாடலுக்கு அவருடைய பகுதியை வாசிக்க முன்வந்தவர் கெடி லீ. ஒரு காலத்தில் இருந்ததும் தெரியாது பின்வரிசையில் நின்ற குரல், தன்னைப் பிறப்பித்தவர் மறைந்த பின்னரும் இன்னொருவர் கற்றுக் காத்து வாசிக்கவேண்டிய தனிப்படைப்பாக நிலைபெற்றிருந்தமைக்கு அதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.