போல்ட்டா, வெட்டா? - டட்சன் 240 இசட் காரும் அதைக் காப்பாற்றிய கைகளும்

டட்சன் என்ற பெயரைக் கேட்டால் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு சின்ன, மலிவு விலைக் கார். சென்னையை அடுத்த ஒரகடத்தில் 2014-ல் இருந்து 2022 வரை அந்தப் பெயரில் கார்கள் தயாராயின. ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பழைய கார் பிரியர்களிடம் இதே பெயரைச் சொன்னால் அவர்கள் மனதில் வேறு ஒரு கார் வந்து நிற்கும். நீளமான மூக்கு, இரண்டே இருக்கை, சரிந்து இறங்கும் பின்புறம். அதுதான் டட்சன் 240 இசட்!

அரை நூற்றாண்டுக்கு முன் வந்த அந்தக் காரை வீட்டுக் கொட்டகையில் போட்டு, துருவைச் சுரண்டி, எஞ்சினை இறக்கி, வருடக்கணக்கில் உழைத்து மறுபடி ஓடவைப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குள் ஒரு தீராத சண்டையும் இருக்கிறது. காரைத் தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே மீட்டெடுப்பதா? அல்லது விருப்பப்படி மாற்றி அமைப்பதா? இந்தச் சண்டை புரியவேண்டும் என்றால் அந்தக் காரின் கதையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர்ப்பலகையில் தொடங்கிய மாற்றம்

நிசான் நிறுவனம் 1969-ம் ஆண்டு இறுதியில் இந்தக் காரை ஜப்பானில் அறிமுகம் செய்தது. அங்கே அதன் பெயர் 'ஃபேர்லேடி இசட்'. வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யோஷிஹிகோ மட்சுவோ.

அமெரிக்காவில் நிசான் விற்பனைக்குப் பொறுப்பாக இருந்தவர் யுடாகா கடயாமா. அங்கே எல்லோருக்கும் அவர் 'மிஸ்டர் கே'. அமெரிக்கர்கள் வாங்கக்கூடிய விலையில் ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று தலைமையிடம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். ஆனால் 'ஃபேர்லேடி' என்ற பெயரோடு ஸ்போர்ட்ஸ் கார் விற்க அவருக்கு மனம் வரவில்லை. வந்து இறங்கிய முதல் கார்களில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டு '240 இசட்' என்று மாட்டச் செய்தார். 240 என்பது 2.4 லிட்டர் எஞ்சினைக் குறிக்கும்.

ஆக, இந்தக் காரில் நடந்த முதல் மாற்றத்தைச் செய்தவர் எந்த வாடிக்கையாளரும் அல்ல. நிசானின் சொந்த அதிகாரியே!

அமெரிக்காவில் அதன் தொடக்க விலை 3,526 டாலர். ஆறு சிலிண்டர் எஞ்சின், முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், இத்தனையும் அந்த விலைக்குள். இதே வசதிகளோடு வந்த ஜாகுவார் இ-டைப், போர்ஷே 911 போன்றவற்றின் விலை இதைவிட வெகு அதிகம். கார் சுடச்சுட விற்றது. 1978 வரை வந்த 260 இசட், 280 இசட் ஆகியவற்றையும் சேர்த்தால் இந்தத் தலைமுறையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் தயாராயின.

பந்தயம் சொல்லிக்கொடுத்த பாடம்

கார் வெளிவந்த உடனே பந்தயக்காரர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். கலிபோர்னியாவில் பீட்டர் பிராக் நடத்திய பி.ஆர்.ஈ. அணிக்காக ஜான் மார்ட்டன் 240 இசட் ஓட்டி 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் எஸ்.சி.சி.ஏ. அமைப்பின் 'சி புரொடக்ஷன்' பிரிவில் தேசியப் பட்டம் வென்றார். கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலி என்பது சேறும் புழுதியும் நிறைந்த கொடூரமான பந்தயம். அதில் 1971-ல் எட்கர் ஹெர்மன் வென்றார். 1973-ல் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா வென்றார். இருவர் ஓட்டியதும் 240 இசட்தான்.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பந்தயத்துக்குத் தேவையான கேம் ஷாஃப்ட், கார்பரேட்டர், சஸ்பென்ஷன் பாகங்களை நிசானே அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்றது. சனிக்கிழமை வீட்டில் கழற்றி மாட்டி, ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்தில் ஓட்டலாம். எனவே 'மாடிஃபை' செய்வது இந்தக் காருக்குப் பின்னால் யாரோ ஒட்டவைத்த பழக்கம் அல்ல. அது காரோடு கூடவே பிறந்தது.

ஜப்பானில் கதை சற்று வேறு. அங்கே 2 லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின்களுக்கு வரி அதிகம். அதனால் தொடக்கத்தில் 2 லிட்டர் எஞ்சின்தான் கொடுத்தார்கள். அதிலேயே விசேஷமாக 'இசட் 432' என்று ஒன்று வந்தது. சிலிண்டருக்கு 4 வால்வு, 3 கார்பரேட்டர், 2 கேம் ஷாஃப்ட் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். ஸ்கைலைன் ஜி.டி-ஆர் காரின் எஞ்சினை எடுத்து இதில் வைத்திருந்தார்கள். சில நூறு கார்களே செய்யப்பட்டதால் சாதாரண மனிதருக்கு எட்டவில்லை. எட்டாதவர்கள் என்ன செய்தார்கள்? பின்னாளில் வந்த பெரிய நிசான் கார்களில் இருந்த எல்28 எஞ்சினை எடுத்துத் தங்கள் காரில் பொருத்தினார்கள்!

துருவோடு போர்

இந்தக் காரின் முதல் எதிரி துரு. தகடு மெல்லியது. அந்தக் காலத்துத் துருத்தடுப்பு முறைகளும் போதாது. பேட்டரி வைக்கும் தட்டு, இருக்கைக்குக் கீழே உள்ள தரைத்தகடு, கதவுக்கு அடியில் ஓடும் பட்டை, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள மூலை, இவையெல்லாம் முதலில் போகும் இடங்கள். குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் ஊர்களில் பல கார்கள் பத்து வருடத்துக்குள்ளேயே அரித்துப்போயின.

வெளியே பார்த்தால் பெயிண்டில் சின்னக் கொப்புளம்தான் தெரியும். சுரண்டிப் பார்த்தால் உள்ளே தகடே இருக்காது. பழைய டிங்கரிங் வேலையில் பட்டி வைத்து மூடியிருப்பார்கள். அதையெல்லாம் எடுத்து, கெட்ட பகுதியை வெட்டி, புதுத் தகட்டை வெல்டிங் செய்யவேண்டும். இந்தக் காருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். எனவே வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி கொடுத்துத் தாங்கவேண்டும். இல்லையென்றால் உடல் வளைந்து, பிறகு கதவு சரியாக மூடாது.

கலிபோர்னியா, அரிசோனா போன்ற வறண்ட இடங்களில் துரு குறைவு. ஆனால் அங்கே வெயில் வேறு வேலை செய்தது. டேஷ்போர்டு முழுக்க வெடித்துவிடும். வெடிப்பில்லாத அசல் டேஷ்போர்டு கிடைப்பது இன்று அரிது.

ஜப்பானிலோ துருவோடு விதிகளும் சேர்ந்துகொண்டன. 'ஷாகென்' என்னும் கட்டாயப் பரிசோதனையை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காசு கொடுத்துக் கடக்கவேண்டும். 13 வருடத்தைத் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு வரியும் கூடுதல். பழையதை வைத்திருப்பதைவிடத் தூக்கிப்போடுவது எளிது என்றாகிவிட்டது. அதனால்தான் பிற்காலத்தில் ஜப்பானிய ரசிகர்கள் தங்கள் நாட்டில் செய்த காரை அமெரிக்காவில் தேடி வாங்கவேண்டி வந்தது.

நிசானே பட்டறை திறந்தபோது

1996-ல் அமெரிக்காவில் இசட் வரிசை விற்பனை நின்றது. நிசானுக்கு அப்போது பெரும் பணக்கஷ்டம். அந்த நேரத்தில் ஒரு விநோதமான திட்டத்தைச் செய்தார்கள். பழைய 240 இசட் கார்களை வாங்கி, தேர்ந்த பட்டறைகளில் முழுமையாகப் புதுப்பித்து, சில டீலர்கள் மூலம் சுமார் 25,000 டாலருக்கு விற்றார்கள். அதன் பெயர் 'வின்டேஜ் இசட்'. விற்ற கார்கள் ஐம்பதைக்கூட எட்டவில்லை. வேலைச் செலவு கட்டுப்படியாகாமல் சீக்கிரமே கைவிட்டார்கள்.

லாபக் கணக்கில் அது தோல்விதான். ஆனால் இந்தப் பழைய கார் பாதுகாக்கத் தகுந்தது என்று செய்த நிறுவனமே ஒப்புக்கொண்டதாக அது அமைந்தது. 2002-ல் 350 இசட் என்ற பெயரில் அந்த வரிசை திரும்பி வந்தது. கடயாமா 1998-ல் அமெரிக்காவின் ஆட்டோமோட்டிவ் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். 2015-ல் தமது 105-வது வயதில் காலமானார்.

ஒரு பெரிய நிறுவனத்தால் கூடக் கணக்குப் பார்த்துச் செய்ய முடியாத வேலை அது. அதைத்தான் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்கள் கணக்கே பார்க்காமல் செய்துகொண்டிருந்தார்கள்!

எஞ்சின் மாற்றும் கலை

240 இசட்டில் இருப்பது எல்24, 2,393 சி.சி. அதே குடும்பத்தின் எல்28 எஞ்சின் 2,753 சி.சி. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே போல்ட்டுகளில் உட்காரும். இன்னும் வேண்டும் என்பவர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். நிசானின் எல்டி28 டீசல் எஞ்சினில் உள்ள கிராங்க் ஷாஃப்ட்டை எடுத்து எல்28-ல் போடுவது. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 79 மில்லிமீட்டரில் இருந்து 83 ஆகும். சிலிண்டரையும் 86-ல் இருந்து 89 மில்லிமீட்டராகக் குடைந்தால் 3.1 லிட்டர் எஞ்சின் தயார். 1990-ல் தொடங்கிய 'வாங்கான் மிட்நைட்' என்ற ஜப்பானியப் படக்கதையின் நாயகனான நீலநிற இசட்டில் இருப்பதும் இந்த வகை 3.1 லிட்டர் எஞ்சின்தான்.

அடுத்த கட்டம் வேறு குடும்பத்து எஞ்சின். 1989-ல் வந்த ஸ்கைலைன் ஜி.டி-ஆர் காரின் ஆர்பி26 இரட்டை டர்போ எஞ்சின் பலருக்குக் கனவு. ஆனால் அது நான்கு சக்கரமும் இயங்கும் காருக்காகச் செய்தது. எண்ணெய்த் தொட்டியை மாற்றவேண்டும், தாங்கிகளைப் புதிதாகச் செய்யவேண்டும். அமெரிக்காவில் 1970-களில் இருந்தே வி8 எஞ்சின் வைப்பதும் உண்டு. கலிபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைப் பரிசோதனை கிடையாது என்பது இவர்களுக்கு வசதியாகிப் போனது.

விலை ஏறியதும் எழுந்த கேள்வி

நீண்ட காலம் 240 இசட் ஒரு மலிவான பழைய கார். கெடுத்தாலும் நஷ்டமில்லை, இன்னொன்று கிடைக்கும். இன்று அப்படி இல்லை. 2020 ஜனவரியில், அதிகம் ஓடாமல் பெரும்பாலும் அசலாகவே இருந்த 1971-ம் ஆண்டு 240 இசட் ஒன்று அமெரிக்க இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. உடனே அசல் கட்சிக்காரர்களின் குரல் ஓங்கியது. "வெட்டியவர்கள் எல்லாம் வரலாற்றைக் கெடுத்தவர்கள்" என்றார்கள்.

இது முழு நியாயம் அல்ல. யாருக்கும் வேண்டாத காலத்தில் இந்தக் கார்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போகவிடாமல் தடுத்தவர்களில் பாதிப்பேர் மாற்றி அமைத்தவர்கள்தான். வேகமாக ஓட்ட ஆசைப்பட்டதால்தான் துருவை வெட்டி வெல்டிங் செய்தார்கள். அவர்கள் வாங்கியதால்தான் ரப்பர், தரைத்தகடு, டேஷ்போர்டு என்று புதுப் பாகங்கள் செய்ய ஆட்கள் முன்வந்தார்கள். இன்று அசலாக மீட்டெடுப்பவரும் அதே பாகங்களைத்தான் வாங்குகிறார். இன்னொன்று, சில 'அசல்' கார்களின் பெயிண்ட் தொழிற்சாலையில் அடித்ததைவிடப் பளபளப்பாக இருக்கிறது. அதுவும் ஒருவகை மாற்றம்தானே?

அதற்காக எதையும் செய்யலாம் என்றும் ஆகிவிடாது. உண்மையான கோடு அசலுக்கும் மாற்றத்துக்கும் நடுவே இல்லை. போல்ட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே இருக்கிறது. எல்28 எஞ்சினை வைத்தால் நாளை கழற்றி எல்24-ஐத் திரும்ப வைக்கலாம். மூன்று கார்பரேட்டர் போட்டால் பழைய இரண்டைப் பெட்டியில் பத்திரப்படுத்தலாம். ஆனால் அகலச் சக்கரத்துக்காகப் பின்சக்கர வளைவை வெட்டினால் வெட்டியதுதான். மேலே மூடும் பிளாஸ்டிக் பட்டை போல்ட்டில் நிற்கலாம், அடியில் போன தகடு வராது. உள்தகடும் வெளித்தகடும் பிரிந்த இடத்தைச் சரியாக வெல்டிங் செய்து மூடாவிட்டால், அங்கே தண்ணீர் புகுந்து பழைய எதிரியான துருவே திரும்ப வரும்.

இந்தக் கார்களை இனி யாரும் புதிதாகச் செய்யப்போவதில்லை. இருப்பதில் ஒவ்வொன்றும் இப்போதைய சொந்தக்காரருக்குப் பின் இன்னொருவர் கைக்குப் போகும். அவருக்கும் தேர்ந்தெடுக்க ஏதாவது மிச்சம் இருக்கவேண்டும். ஸ்பேனரை எடுப்பவர் அந்த வாய்ப்பை விட்டுவைக்கிறார். வெட்டும் மிஷினை எடுப்பவர் அடுத்தவருக்கும் சேர்த்து முடிவு செய்துவிடுகிறார். கழற்றிய பாகங்களைத் துடைத்து, பெயர் எழுதி, பரண்மேல் வைப்பவர்தான் அந்தக் காரின் நல்ல சொந்தக்காரர்.