மது அருந்தி வாகனம் ஓட்டிய வழக்கு: ஓட்டுநர் உரிம முடக்கத்தை எதிர்த்து முறையிடுவது எப்படி?

மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டியதாகப் பிடிபடுபவரின் முதல் கவலை, நீதிமன்றம் விதிக்கும் அபராதம். ஆனால் லாரி, ஆட்டோ, வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு அதைவிடப் பெரிய அடி, ஓட்டுநர் உரிமம் 3 மாதங்களுக்கு முடக்கப்படுவதுதான். இந்த நடவடிக்கை நீதிமன்ற வழக்கிலிருந்து வேறுபட்டது. இதை எதிர்த்து முறையிடும் இடமும் வேறு.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 185-வது பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவதும், ஓட்ட முயல்வதும் குற்றம். முதல் முறை பிடிபட்டால் 6 மாதங்கள் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் பிடிபட்டால் 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது ரூ.15,000 அபராதம் அல்லது இரண்டும்.

2019-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இக்குற்றத்தைச் செய்ததாகக் கருதுவதற்குக் காரணம் இருந்தால், காவல் அதிகாரி ஓட்டுநரின் உரிமத்தைக் கைப்பற்றி, அதை வழங்கும் அதிகாரியான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஒப்புகைச் சீட்டும் தர வேண்டும். அந்தச் சீட்டைக் காட்டி வண்டி ஓட்டலாம் என எண்ணுவது தவறு. உரிமம் திரும்பக் கிடைக்கும் வரை ஓட்ட அது அனுமதி ஆகாது என்று சட்டமே கூறுகிறது.

கைப்பற்றுவது வேறு, முடக்குவது வேறு. உரிமத்தை முடக்கும் அதிகாரம் அதை வழங்கும் அலுவலருக்கே உண்டு, காவல்துறைக்கு இல்லை என்று கொல்கத்தா உயர்நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது. அதிவேகமாக ஓட்டியது தொடர்பான வழக்கு அது. எனினும், காவல் அதிகாரியே முடக்க உத்தரவு பிறப்பித்திருந்தால் மது வழக்கிலும் எழுப்பத்தக்க முதல் ஆட்சேபம் அதுவே.

உரிம அலுவலரும் நினைத்த மாத்திரத்தில் முடக்கிவிட முடியாது. 19-வது பிரிவின்படி, உரிமதாரருக்குத் தம் தரப்பைக் கூற வாய்ப்பளித்து, விரிவான காரணங்களை எழுத்தில் பதிவு செய்த பிறகே உத்தரவிட முடியும். விளக்கம் ஏற்கத்தக்கதாக இருந்தால் அவரை விடுவிக்கவும் அதிகாரம் உண்டு. முதல் குற்றத்துக்கு 3 மாத முடக்கம். மீண்டும் செய்தால் உரிமமே ரத்து. ஆகவே, விளக்கம் கேட்டு வரும் நோட்டீசை அலட்சியம் செய்பவர், பெரும்பாலும் தம் வழக்கின் பலமான கட்டத்தையே இழந்துவிடுகிறார்.

விளக்கத்தில் எவற்றைச் சுட்டலாம்? சோதனைக் கருவி காட்டிய அளவு 30 மில்லி கிராமைத் தாண்டியதா, அதன் அச்சுப்பிரதி உள்ளதா, கருவி மத்திய அரசு அங்கீகரித்த வகையைச் சேர்ந்ததா, வாகனத்தை ஓட்டியவர் அவர்தானா என்பவை முக்கியம். கைது செய்யப்பட்டிருந்தால், 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். நடக்காவிட்டால் அவரைக் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறது 202-வது பிரிவு. ரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படாத நிலையில், மதுவாடை, தள்ளாட்டம் போன்ற அறிகுறிகளை மட்டும் கொண்டு ஒருவர் போதையில் இருந்ததாக முடிவு செய்ய இயலாது என உச்சநீதிமன்றம் 1971-ல் கூறியுள்ளது. அதற்காகச் சோதனைக்கு மறுப்பது புத்திசாலித்தனம் அல்ல. தக்க காரணமின்றி மறுத்தால், அதுவே அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலுசேர்க்கும் சூழ்நிலையாகக் கொள்ளப்படலாம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வேலை முடிந்தால் போதும் என்று நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவர், பின்னர் உரிம அலுவலர் முன் தாம் மது அருந்தவில்லை என வாதிடுவது மிகக் கடினம்.

முடக்க உத்தரவு வந்துவிட்டால், அது கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மாநில அரசு நிர்ணயித்துள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். உத்தரவு பெற்ற தேதிக்கான சான்றைப் பத்திரப்படுத்துவது அவசியம். மேல்முறையீட்டு அதிகாரியின் முடிவே இறுதியானது என்று சட்டம் கூறினாலும், இயற்கை நீதி மீறப்பட்டிருந்தால் அரசமைப்புச் சட்டத்தின் 226-வது பிரிவின் கீழ் உயர்நீதிமன்றத்தை அணுகத் தடையில்லை. தண்டனையுடன் சேர்த்து நீதிமன்றமே தகுதியிழப்பு உத்தரவிட்டிருந்தால், மேல்முறையீடு போக்குவரத்துத் துறையிடம் அல்ல, மேல் நீதிமன்றத்திலேயே செய்யப்பட வேண்டும்.

மனு அளித்ததாலேயே முடக்கம் நின்றுவிட்டதாகக் கருதக்கூடாது. தடை உத்தரவு கிடைக்காமல் வாகனம் ஓட்டினால் 182-வது பிரிவின் கீழ் 3 மாதங்கள் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படும். முடக்கக் காலம் முடிந்தாலும் உரிமம் தானாகத் திரும்பாது. ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை நிறைவு செய்தவருக்கே அது திருப்பித் தரப்படும்.