கண்ணாடிக்கு இந்தப் பக்கம்: குறைமாதக் குழந்தை சிகிச்சையில் தாயின் இடம்

"குழந்தையைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்." குறைமாதத்தில் பிள்ளை பிறந்த வீட்டிலிருந்து உறவினர்களுக்குப் போகும் முதல் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பெட்டி என்பது இன்குபேட்டர். பெட்டிக்குள் பிள்ளை, பெற்றவள் எங்கே? இந்தக் கேள்விக்கு மருத்துவம் ஏறத்தாழ 140 ஆண்டுகளாகச் சொல்லிவந்த விடைகளை இக்கட்டுரை தேடிப் பார்க்கிறது.

பாரிஸ் மகப்பேறு மருத்துவர் ஸ்டெஃபான் டார்னியே, உயிரியல் பூங்கா ஒன்றில் கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியைக் கண்டு, அதேபோல் மனிதக் குழந்தைக்கும் ஒன்று செய்யச் சொன்னார். 1880-81 வாக்கில் மாதர்னித்தே மருத்துவமனையில் அது பயனுக்கு வந்தது. வெந்நீரால் சூடேறிய அந்தப் பெட்டி வந்தபின், 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளின் இறப்பு 66 சதவீதத்திலிருந்து 38ஆக இறங்கியது. குளிர் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பெட்டியால் வந்த பிரிவை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் டார்னியேவின் மாணவர் பியேர் புதான். பாலூட்டவும் சீராட்டவும் வழியின்றிப் பிரிந்திருக்கும் தாய்க்குப் பிள்ளையின்மேல் ஒட்டுதல் குறைந்துபோகிறது என்று 1900இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். தாய்மார்கள் அருகிலிருந்து பால் கொடுக்க வேண்டும் என்பது அவர் வழி. இன்று படிக்கும்போது தாயைக் குறைசொல்வதுபோல் தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. அவர் குறைசொன்னது பிரித்துவைத்த ஏற்பாட்டை.

அவர் குரல் நெடுங்காலம் எடுபடவில்லை; எல்லார் கண்ணும் பெட்டியின்மேல்தான். அமெரிக்காவின் கோனி தீவில் 1903 முதல் 1943 வரை மார்ட்டின் கூனி என்பவர் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரோடு கண்காட்சியில் வைத்துக் காப்பாற்றினார். பெற்றோரிடம் ஒரு காசும் வாங்கவில்லை. 25 சென்ட் கொடுத்துப் பார்க்க வந்தவர்களின் பணத்தில் செவிலியர் சம்பளமும் பாலும் நடந்தன. மருத்துவமனைகள் கைவிட்ட பிள்ளைகள் பலர் அங்கே பிழைத்தார்கள்.

1922இல் சிகாகோவில் ஜூலியஸ் ஹெஸ் குறைமாதக் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். பிற மருத்துவமனைகளும் பின்தொடர்ந்தன. நோய்த்தொற்று அச்சத்தால் அவற்றின் கதவுகள் பெற்றோருக்கு அடைபட்டன. ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. மருந்து வந்த பிறகும் கதவு திறக்காததற்கு நியாயம் இல்லை. தாய் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறவள் ஆனாள். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, நுரையீரல் முதிராமல் 39 மணி நேரத்தில் இறந்தான். பிள்ளை பாஸ்டனில், அறுவைச் சிகிச்சை முடிந்த தாயோ அவனைப் பெற்ற மருத்துவமனையிலேயே. அதிபரின் மனைவிக்கே அதுதான் நிலை. 1970இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் தாய்மார்களைச் சிகிச்சைப் பிரிவுக்குள் அனுமதித்துப் பார்த்து எழுதினார்கள்: தொற்று கூடவில்லை.

உண்மையான திருப்பம் வசதி மிகுந்த இடத்தில் நிகழவில்லை. கொலம்பியாவின் பொகோட்டா நகரத் தாய்-சேய் மருத்துவமனையில் ஒரே இன்குபேட்டரில் இரண்டு மூன்று குழந்தைகள். ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்று. பிரிந்த பிள்ளையைக் கைவிட்டுப் போன தாய்மாரும் உண்டு. 1978இல் எட்கார் ரே, அடுத்து எக்டர் மார்டினெஸ், குழந்தையைத் தாயின் மார்போடு கட்டிவைத்தார்கள். இடைத்துணி, தொப்பி, காலுறை தவிர வெற்றுடம்பு. இரு மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி, கைகால்களைத் தவளைபோல் மடக்கி, மூச்சு தடைபடாதபடி தலையை ஒருபக்கமாகத் திருப்பி, மேலே துணியால் இறுகச் சுற்ற வேண்டும். தாய் சாய்ந்தபடியே தூங்குவாள். அவள் தோல்தான் சூடு. அவள் பால்தான் உணவு. நம் அரசு மருத்துவமனைச் சுவர்களில் 'கங்காரு தாய் பராமரிப்பு' என்று எழுதியிருப்பது இதைத்தான்.

இந்தியக் குழந்தை மருத்துவ நூல்களில் உறிஞ்சத் தெரியாத பிள்ளைக்கு அந்தத் தாய்ப்பாலைப் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம் 'பாலாடை' என்றே குறிக்கப்படுகிறது. நம் பாட்டிமார் கையிலிருந்த பொருள், பெயர் மாறாமல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போயிருக்கிறது. பாட்டிமாரை மட்டும் வாசலில் நிறுத்தினோம். 2017இல்தான் குடும்பத்தினரையும் பராமரிப்பில் சேர்க்கும் நடைமுறை வழிகாட்டியை மத்திய அரசு வெளியிட்டது.

பிழைத்துத் தேறிய பிள்ளையைத்தான் மார்பில் போட வேண்டும் என்ற கருத்து அதன் பிறகும் நீடித்தது. அதை மாற்றியது 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் 1 முதல் 1.8 கிலோவுக்குள் எடையுள்ள 3,211 குழந்தைகள். ஒரு குழுவைப் பிறந்த உடனே தாயின் மார்பில் சேர்த்தார்கள். மறு குழுவுக்கு உடல்நிலை சீரானபின். 28 நாளுக்குள் இறப்பு முதல் குழுவில் 12 சதவீதம், மறு குழுவில் 15.7. நன்மை தெளிவானதால் ஆய்வை முன்னதாகவே நிறுத்தினார்கள். 2022இல் அந்நிறுவனத்தின் பரிந்துரையும் அவ்வாறே மாறியது.

அந்த ஆய்வுக்காகத் தாய்க்குக் கட்டில் போட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளை உருவாக்க வேண்டியிருந்தது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை அவற்றில் ஒன்று. புதிதாகப் பச்சிளங்குழந்தைப் பிரிவு கட்டுகிறவர்களிடம் கேட்பது இதுதான்: எத்தனை பெட்டிகள் என்று கணக்கிடும் அதே தாளில், எத்தனை தாய்க் கட்டில்கள் என்றும் எழுதுங்கள்.