பகடை உருட்டத் தெரிஞ்சா போதும்... ‘லேபிரிந்த்’ படம் மேசை விளையாட்டானது எப்படி?

சினிமா கதைக்குள் நீங்களே ஒரு கதாபாத்திரமாக இறங்கினால் எப்படி இருக்கும்? அதுதான் ரோல் பிளேயிங் கேம். திரை கிடையாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேசிப் பேசியே கதையை நகர்த்த வேண்டும். ஆனால் இந்த வகை விளையாட்டுகளின் தடிமனான விதிப் புத்தகங்களைப் பார்த்தே பலர் ஒதுங்கிவிடுவார்கள். அவர்களுக்கு ஏற்றது ‘லேபிரிந்த்: தி அட்வென்ச்சர் கேம்’.

எந்தப் படம்?

ஜிம் ஹென்சன் இயக்கி 1986-ல் வந்த ‘லேபிரிந்த்’. கோபத்தில் சாரா சொன்ன ஒரு வார்த்தையால், அவளது குட்டித் தம்பியைக் கோப்ளின் ராஜா தூக்கிப் போய்விடுகிறான். 13 மணி நேரத்துக்குள் புதிர்ப்பாதையைக் கடந்தால்தான் தம்பி கிடைப்பான். ராஜாவாக நடித்தவர் பாடகர் டேவிட் போவி. சாராவாக ஜெனிஃபர் கானெலி. சுமார் 2.5 கோடி டாலரில் உருவான படம், அமெரிக்கத் தியேட்டர்களில் சுமார் 1.3 கோடி டாலர்தான் வசூலித்தது. ஹென்சன் இயக்கிய கடைசி சினிமாவும் இதுவே. 1990-ல் அவர் மறைந்தார். பிறகு வீடியோ கேசட், டிவி வழியாகப் படத்துக்குத் தனி ரசிகர் கூட்டமே சேர்ந்தது.

எப்படி ஆடுவது?

பிரிட்டனின் ரிவர் ஹார்ஸ் நிறுவனம் 2019-ல் இந்த விளையாட்டை வெளியிட்டது. பகடைகள்கூட புத்தகத்துக்குள்ளேயே பதிக்கப்பட்டிருக்கும். ஒருவர் கோப்ளின் ராஜாவாகக் கதையை நடத்துவார். மற்றவர்கள் மனிதர், குள்ளர், கோப்ளின், ஏன், புழுவாகக்கூட வரலாம்.

கஷ்டமான காரியமா? ஆறு முகப் பகடையை உருட்டுங்க. குறிப்பிட்ட எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் வெற்றி. உங்கள் திறமை கைகொடுக்கும் இடமென்றால் இரண்டு பகடை உருட்டி, பெரிய எண்ணை எடுக்கலாம். பலவீனம் குறுக்கே வந்தால் சின்ன எண்தான்.

தொடக்கக்காரர்களுக்கு ஏன் எளிது?

விதிகள் சில பக்கங்களில் முடிந்துவிடும். மீதி பெரும்பாலும் காட்சிகள்தான். நடத்துபவர் பக்கத்தைத் திறந்து அப்படியே தொடங்கலாம். நாள் கணக்கில் தயாராக வேண்டாம்.

தோற்றால் என்ன ஆகும்?

இங்கே எதிரி கத்தி அல்ல, கடிகாரம். பொறியில் சிக்கினால் ஒரு மணி நேரம் பறிபோகலாம். ராஜா தன்னிடமிருந்து எதைத் திருடினான் என்பதை ஒவ்வொருவரும் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முடிவு செய்வார்கள். 13 மணி நேரம் தீர்ந்தால் அது திரும்பாது. அதனால்தான், முதல் முறை ஆடுபவருக்குக்கூட ஒவ்வொரு உருட்டலிலும் நெஞ்சு படபடக்கும்.