பொழிமுகம் காணும் பழையாறு

ஜூபிலி மலரில் ஆற்றைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்டார்கள். மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவே ஓடுவது அதுதானே!

பழையாறு பெரிய ஆறன்று. மலையடிவாரத்தில் சுருளோடு அருகே உருவாகி, பூதப்பாண்டி, ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக நாஞ்சில் வயல்களுக்கு நீர் வார்த்து, இங்கே கடலைச் சேர்கிறது. பறளியாற்று நீரைப் பாண்டியன் கால் வழியே இதில் திருப்பி வலுவூட்டினார்கள் முன்னோர்.

கோடையில் கடல் மணலை அள்ளிவந்து பொழியை அடைத்துவிடும். ஆறு குளமாகத் தேங்கும். அதுவே அக்காலச் சிறுவர்களின் விளையாட்டுத் திடல்! இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீச்சல் பந்தயம். தோற்றவன் ஈர மணலில் எல்லாருக்கும் நண்டு பிடித்துத் தரவேண்டும். மழைவெள்ளம் மணல்திட்டை உடைக்கும் நாளில் ஊரே கரையில் நிற்குமாம். கதம்பல் அழுகும் நாற்றம் அன்றும் உண்டு. அதற்காக யாரும் குளிக்காமல் இருந்ததில்லை என்று ஒரு பெரியவர் சிரித்தார்.

2004 டிசம்பர் 26, திருக்குடும்ப ஞாயிறு. ஆழிப்பேரலை பொழி வழியே புகுந்து இரு கரைகளையும் இணைத்த பாலத்தையே பெயர்த்தெறிந்தது. அன்று இழந்தவர்களை நாம் இன்றும் பலிபீடத்தில் நினைக்கிறோம். பின்னர் புதுப் பாலம் வந்தது. அலையாத்திச் செடிகளும் நட்டார்கள். ஆனால் நகரக் கழிவு கலந்த நீரில் பிள்ளைகளை இறக்கத் தாய்மாருக்கு மனமில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கும் வாயில்லை.

சென்ற மாதம் ஞானோபதேச வகுப்பில், "பழையாற்றில் நீந்தியவர் யார்?" என்று கேட்டேன். இரண்டே கைகள் உயர்ந்தன. இருவரும் தகப்பனாருடன் வலைவீசப் போகிறவர்கள்.