வெண்பொடியும் நட்டஈடும்

1924ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆந் திகதி, இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் நெலி கேர்ஷோ என்னும் தொழிலாளப் பெண்மணி இறந்தார். அப்போது அவருக்கு வயது 33. பன்னிரண்டு வயதிலே பஞ்சாலைக்குள் நுழைந்தவர். பின்னர் கல்நாரை நூலாக நூற்கும் ஆலைக்கு மாறியவர். அஸ்பெஸ்டஸ் என வழங்கும் அக்கல்நாரின் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்து, 1922இல் வேலைக்கு இயலாதவராய் வீடு சேர்ந்தார். நோய்க்குக் காரணம் கல்நார் நஞ்சே என்று வைத்தியர் ஒளிவின்றி எழுதிக் கொடுத்தார். அதுவே அவருக்கு வினையாயிற்று. தொழிலால் வந்த நோயாதலின் தம்மிடம் உதவிப்பணம் பெற உரிமையில்லை என்றது நோய்க் காப்புறுதிச் சங்கம். அத்தகைய நோயொன்று தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலிலேயே இல்லை என்றது ரேணர் சகோதரர் கொம்பனி. இரு கதவுகளும் சட்டப்படியே சாத்தப்பட்டன. அவர் இறந்தபின் அடக்கச் செலவுக்கேனும் உதவுமாறு கேட்கப்பட்டபோது, கொடுத்தால் அது பின்வருவோர்க்கு ஒரு முன்னுதாரணமாகிவிடும் என்று கொம்பனி மறுத்துவிட்டது. பெயர்க்கல் இல்லாத ஏழைகளின் குழியில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

நாம் எழுத எடுத்துக்கொண்டது டல்கம் பவுடர் வழக்குகளின் வரலாறு. அதனை றொச்டேலில் தொடங்குவானேன் என்று வாசகர் கேட்கலாம். முன்னுதாரணமாகிவிடும் என்ற அந்த அச்சத்தைப் புரிந்துகொள்ளாமல், நூறாண்டுகளுக்குப் பின் அமெரிக்க நீதிமன்றங்களில் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள முடியாது என்பதே நமது விடை.

கேர்ஷோவின் நுரையீரலை ஆராய்ந்த டொக்டர் வில்லியம் குக் தமது முடிவுகளை அதே ஆண்டில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார். 1930இல் மெரிவெதர், பிறைஸ் என்னும் இருவரின் அறிக்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1931இல் தூசிக் கட்டுப்பாட்டு விதிகளும் நட்டஈட்டுத் திட்டமும் பிறந்தன. ஆனால் அத்திட்டம் ஆலையின் சில பகுதிகளில் உழைத்தோர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. ஆலைக்கு வெளியே கல்நார் யாரையும் தீண்டாது என்ற நினைப்பு மேலும் முப்பதாண்டு நிலைத்தது. 1960இல் தென்னாபிரிக்காவிலிருந்து வாக்னரும் அவர்தம் துணைவர்களும் வெளியிட்ட ஆய்வு அதனைத் தகர்த்தது. நுரையீரலைப் போர்த்திருக்கும் சவ்வில் தோன்றும் மெசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோய்க்கு ஆளான 33 பேரை அவர்கள் எடுத்துக் காட்டினர். அவர்களுட் பலர் சுரங்கத்தில் ஒருநாளும் உழைத்தவர்களல்லர். சுரங்கத்தின் அயலில் வாழ்ந்தவர்கள், சிறுபிராயத்தில் அங்கு விளையாடியவர்கள். நோய் தலைகாட்ட இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் வரை செல்லும் என்பதும் தெளிவாயிற்று. சட்டத்தின் காலவரையறையோ அத்தனை நீளமானதன்று!

இனிப் பவுடருக்கு வருவோம். டால்க் என்பது மெதுமையான ஒரு கனிப்பொருள். மக்னீசியமும் சிலிக்காவும் கலந்த அதே பாறைகளில், அதே வெப்ப அழுத்தத்தில், திரெமோலைற் முதலான கல்நார் வகைகளும் தோன்றுவதுண்டு. ஆதலின் ஒன்றை வெட்டும்போது மற்றையதும் கூடவே வருவது சாத்தியம். ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கொம்பனி 1894 முதல் விற்ற குழந்தைப் பவுடர் இத்தாலியின் சுரங்கங்களிலிருந்தும், பின்னர் அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்திலிருந்தும், அதன்பின் சீனாவிலிருந்தும் வந்த டால்க்கால் ஆயது. அழகுசாதனப் பொருள்களை விற்பனைக்கு முன் அரசாங்கம் பரிசோதிக்க வேண்டுமென அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கவில்லை. 1970களில் ஐயம் எழுந்தபோது, உற்பத்தியாளர் சங்கமே 1976இல் தனக்கொரு சோதனைமுறையை வகுத்துக்கொண்டது. நூற்றுக்கு அரைப்பங்கிலும் குறைந்த கல்நாரை அம்முறை காட்டாது. இல்லை என்பதும் காணவில்லை என்பதும் ஒன்றல்ல என்று நம் பாடசாலை ஆய்வுகூடத்து மாணவனும் அறிவான்.

2018 டிசம்பரில் றொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், நீதிமன்றங்களில் வெளிப்பட்ட கொம்பனி ஆவணங்களை ஆராய்ந்து, 1971 முதல் 2000களின் தொடக்கம் வரை சில சோதனைகளில் சிறிதளவு கல்நார் காணப்பட்டதைக் கொம்பனி அறிந்திருந்தது என எழுதியது. கொம்பனி இதனை மறுத்தது. தனது பவுடர் கல்நாரற்றது, புற்றுநோய் தராதது என்று தொடர்ந்து கூறிவருகிறது. 2019 ஒக்டோபரில் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிருவாகம் ஒரு புட்டியில் கல்நாரைக் கண்டதாக அறிவித்தபோது, ஏறத்தாழ 33,000 புட்டிகள் திரும்பப் பெறப்பட்டன.

இங்கே நேர்மையோடு ஒன்று சொல்லவேண்டும். கல்நார் மெசோதீலியோமாவைத் தரும் என்பதில் அறிஞரிடை ஐயமில்லை. டால்க் சூலகப் புற்றுநோயைத் தருமா என்பது 1982 முதல் ஆராயப்பட்டுவரும் கேள்வி. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2006இல் மறைவிடப் பயன்பாட்டை 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற வகையிலும், 2024இல் டால்க்கையே 'பெரும்பாலும் தரும்' என்ற வகையிலும் வைத்தது. கேள்வி முடிந்துவிடவில்லை. ஆயின் 2006ஆம் ஆண்டு எச்சரிக்கைக்குப் பின் கொம்பனி செய்தது யாது? வெள்ளையரிடம் விற்பனை தளர்ந்தமையால், கறுப்பினப் பெண்களையும் ஸ்பானிய மொழி பேசும் பெண்களையும் குறிவைத்து விளம்பரத் திட்டம் தீட்டியது. அதன் சொந்த ஆவணங்களே இதற்குச் சான்று. இதன்பொருட்டு 2021இல் நீக்ரோ மாதர் தேசிய சபை வழக்குத் தொடுத்தது. வர்க்கமும் நிறமும் வாணிபக் கணக்கில் எவ்வாறு கைகோக்கின்றன என்பதற்கு வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை.

வழக்குகளின் வழியும் பழைய கல்நார்த் தொழிலாளர் வெட்டிய வழியே. காப்புவேலைத் தொழிலாளி ஒருவர் தொடுத்த வழக்கில், ஆபத்தை அறிந்தும் எச்சரியாத உற்பத்தியாளர் பொறுப்பாளி என்று 1973இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அவர் அதற்கு முன்னரே இறந்துவிட்டார். அத்தீர்ப்பின் பின் வழக்குகள் பெருகவே, ஜோன்ஸ்-மான்வில் என்னும் பெருங்கொம்பனி 1982இல் வங்குரோத்து நீதிமன்றத்தில் தஞ்சம் புகுந்தது. பாதிக்கப்பட்டோர்க்கென 1988இல் ஒரு நிதியம் அமைந்தது. பவுடர் வழக்குகளில் 2018 ஜூலையில் சென் லூயிஸ் நகர ஜூரிமார் 22 பெண்களுக்கு 469 கோடி டொலர் விதித்தனர். அவர்களுள் ஆறுபேர் தீர்ப்புக்கு முன்பே இறந்திருந்தனர். மேன்முறையீட்டில் தொகை ஏறத்தாழ 212 கோடியாகக் குறைந்தது. 2021 ஜூனில் உயர் நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. இத்தகைய தொகைகளைக் கண்டு மயங்குவோர் ஒன்றை நினைக்கவேண்டும்: எத்தனையோ வழக்குகள் தோற்றன, வென்ற சிலவும் நியாயாதிக்கம் பற்றிய வாதத்தால் கவிழ்ந்தன, கிடைத்ததில் ஒரு பங்கு சட்டத்தரணிமாருக்குச் சென்றது. சீட்டிழுப்பைப் போன்ற இம்முறையை நாம் புகழ வரவில்லை.

எனினும் அதையும் ஒழிக்க முயன்ற விதம் கவனிக்கத்தக்கது. 2021 ஒக்டோபரில் ஜோன்சன் கொம்பனி ரெக்சாஸ் மாநிலச் சட்டத்தின் துணைகொண்டு தன் கிளையை இரண்டாகப் பிளந்தது. சொத்தும் வாணிபமும் ஒருபுறம்; எல்.ரி.எல். என்னும் புதுப்பெயரில் பவுடர் வழக்குகள் மறுபுறம். பிறந்து இரண்டே நாளில் அப்புதுக்கொம்பனி வட கரோலினாவில் வங்குரோத்து அடைந்ததாக மனுச் செய்தது. ஏறத்தாழ 38,000 வழக்குகள் அப்படியே நின்றுபோயின. சட்டத்தரணிகள் இதனை அந்த மாநிலத்து நடனமொன்றின் பெயரால் 'ரெக்சாஸ் ஈரடி' என்பர். தாய்க் கொம்பனிக்கோ ஒரு குறையுமில்லை. 6,150 கோடி டொலரைக் கேட்டுப் பெறத்தக்க உறுதிமொழி கையிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு ஏது வங்குரோத்து என்று வினவி, 2023 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. ஏப்ரலில் 890 கோடி டொலர்த் திட்டத்தோடு மீண்டும் வந்தனர். ஜூலையில் அதுவும் தள்ளுண்டது. 2024இல் 'ரெட் றிவர்' என்ற இன்னொரு பெயர். 2025 மார்ச் 31இல் ஹூஸ்டன் நீதிபதி அதனையும் நிராகரித்தார்.

மூன்று மனுக்களிலும் கழிந்த மூன்றரை ஆண்டுகளில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நின்றுபோயிருந்த அப்பவுடர் விற்பனை 2023இல் உலகெங்கும் நிறுத்தப்பட்டது; இப்போது சோளமாவில் அது செய்யப்படுகிறது. வழக்காளிகளோ 60,000க்கு மேற்பட்டோராகி, ஒருவர்பின் ஒருவராய் ஜூரிமாரின் முன் செல்லும் பழைய வரிசைக்கே திரும்பினர். அவ்வரிசையில் பல வழக்குகளை இன்று நடத்துவோர் பிள்ளைகளும் கணவன்மாரும். இங்கிலாந்திலும், றொச்டேல் இருக்கும் அதே நாட்டில், ஏறத்தாழ 3,000 பேரின் வழக்கு 2025 ஒக்டோபரில் லண்டன் மேல் நீதிமன்றத்தில் பதிவாயிற்று.